வாசிக்கத்தானே போனேன்

நம் பிழைதேடும் கருவியைப் பயன்படுத்தும் உங்களில் ஒருவர் போன மாதம் கோபமாக எனக்கு எழுதியிருந்தார். புரொசசரின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர் ஒன்றை அவர் பார்க்க வேண்டியிருந்ததாம். நம்முடைய கருவி மறுத்துவிட்டதாம். "இந்த முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை" என்று ஒரே வரியில் பதில். "நான் எதையும் மாற்றப் போகவில்லை மெடம். வாசிக்கத்தானே போனேன். வாசிப்பதால் என்ன கெட்டுவிடும்?"

நியாயமான கேள்வி. ரெஜிஸ்டர் என்பது புரொசசரிலும் அதைச் சுற்றியுள்ள சிப்களிலும் இருக்கும் சின்னஞ்சிறு அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, உள்ளே ஓர் எண். எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் எண் அப்படியேதான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அந்த நினைப்பு தவறென்று நான் தெரிந்துகொண்ட அன்று இன்னொருவருடைய உள்ளங்கை வெந்துபோனது. அதனால்தான் அவருக்குத் தனியாகப் பதில் போடாமல், உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஹட்டனில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்திருந்தேன். நான்கே பேர் வேலை செய்த ஒரு சிறு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. தேயிலை காயவைக்கும் ட்ரையருக்கு, புரொசசர் வைத்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை நாங்கள் உருவாக்கியிருந்தோம். அதன் முதல் பெட்டியை திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் பொருத்தினோம். தேயிலைத் தொழிற்சாலையை மலையில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

பெட்டி செய்த வேலை பெரிய வித்தையல்ல. அடுப்பிலிருந்து சூடான காற்று ட்ரையருக்குள் நுழையும் இடத்தில் அது வெப்பத்தை அளக்கும். சூடு கூடினால் ஒரு மோட்டாரை ஓட்டிக் குளிர்காற்றுக் கதவைத் திறக்கும்; குறைந்தால் மூடும். பழைய முள் வெப்பமானியைக் கழற்றிவிட்டு, அது இருந்த துவாரத்திலேயே எங்கள் உணரியைச் செருகியிருந்தோம். நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தோம். காவல்நாய் என்று ஒரு சிறு மின்சுற்று இருந்தது. நிரல் ஒழுங்காக ஓடும்வரை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குறிப்பிட்ட முகவரியை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகும். இரண்டு விநாடிக்குள் அந்தத் தொடுகை வராவிட்டால், காவல்நாய் மோட்டாருக்கான மின்சாரத்தை வெட்டிவிடும். பாரம் தொங்கிய குளிர்காற்றுக் கதவு தானாகவே திறந்துகொள்ளும். மணியும் அடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மணி நாலைந்து நாளைக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குளிர்காற்று புகுந்து தேயிலை அரைகுறையாகக் காய்ந்து வந்தது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் பொறுமைசாலிதான். அவரே ஒருநாள் சொல்லிவிட்டார். "மிஸ், ஒங்க பெட்டி நாலு நாளைக்கு ஒருக்கா மயக்கம் போட்டு விழுது. இந்தத் தூளைக் கொண்டுபோயி நான் யார்கிட்ட காட்டுறது? தொரை மாசக் கடைசி வரைக்குந்தான் பார்ப்பேன்னுட்டாரு."

தொரை என்று அவர் சொன்னது தோட்டத்தின் மேலாளரை. எங்கள் நிறுவனத்துக்கு அந்த ஒரு பெட்டிதான் எதிர்காலம். காரணத்தைக் கண்டுபிடித்து வா என்று என்னைத் தனியாக அனுப்பினார்கள். தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு கையில் துணிப்பையும் மறுகையில் கருவிப் பெட்டியுமாகத் தோட்டத்து லொறியில் ஏறியபோது எனக்குப் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

ட்ரையரைப் பார்த்துக்கொண்டவர் மரியதாஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். பதினைந்து வருடமாக அதே ட்ரையர். எங்கள் பெட்டி வருமுன் சூட்டைக் கண்ணாலும் கையாலும் சரிக்கட்டியவர் அவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒங்கள என்னான்னு கூப்பிடுறதுங்க? படிச்ச பொம்பளைங்கன்னா இங்க டீச்சரு, இல்லாட்டி மிட்வைஃபு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"டீச்சர்னே கூப்பிடுங்க அண்ணே" என்றேன். ஒருநாளும் எந்த வகுப்பிலும் நின்று பாடம் சொல்லாத நான் அந்த ஸ்டோருக்கு டீச்சரானது அப்படித்தான்.

நான் கொண்டுபோனது நானே எழுதிய ஒரு சிறு கருவி. இன்று நீங்கள் பயன்படுத்துவதன் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை விநாடிக்கு ஒருமுறை அது பிரதான நிரலை ஒரு கணம் நிறுத்தும். அந்த நேரத்தில் புரொசசரின் ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு நிறுத்திய இடத்திலிருந்தே நிரலை ஓடவிடும். குறித்தவற்றை, அப்போதைய வெப்ப அளவோடு சேர்த்து, சிறிய அச்சுப்பொறி ஒன்று கடதாசிச் சுருளில் வரி வரியாக அடிக்கும்.

கொழும்பிலேயே அதில் ஒரு தவறு செய்து திருத்தியிருந்தேன். நிரலை நிறுத்துமுன் எல்லா ரெஜிஸ்டர்களையும் பத்திரப்படுத்திய நான், முந்தைய கணக்கின் விளைவைச் சொல்லும் கொடி ரெஜிஸ்டரை மட்டும் மறந்துவிட்டேன். திரும்பிப் போன நிரல், ஆம் என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு பாதையில் போனது. இரண்டு நாள் தேடித்தான் பிடித்தேன். பிடித்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. இனி இந்தக் கருவியால் ஒரு தொந்தரவும் வராது என்று நானே எனக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் அடுத்த முடிவை எடுத்தேன். எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாது. ஆகவே புரொசசரோடு நிற்காமல், அதைச் சுற்றியிருந்த சிப்களின் முகவரிகளையும் பூஜ்ஜியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஒன்றுவிடாமல் வாசிக்கச் சொன்னேன். எது எதற்கு என்று வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக முடிவு செய்ய நேரமில்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் வாசித்தால் எதுவும் தப்பாதல்லவா?

இன்னொன்றும் செய்தேன். ட்ரையர் பக்கத்தில், அவசரத்துக்குக் குளிர்காற்றுக் கதவைக் கையால் திறக்க ஓர் இரும்புக் கைப்பிடி இருந்தது. மரியதாஸ் பழக்கதோஷத்தில் அதை அவ்வப்போது ஆட்டிவிடுவார். என் அளவுகள் கலங்கிப்போகும். டீமேக்கரிடம் சொல்லி அதைக் கம்பி போட்டுக் கட்டவைத்தேன்.

"ஒரு வாரத்துக்கு யாரும் இதத் தொடப்படாது. மிஸ் சொல்லிட்டாங்க" என்று டீமேக்கர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மரியதாஸ் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ட்ரையர் வாய்ப் பக்கம் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் முற்பகல். நல்ல வெயில் அடித்து, கொழுந்து நிறைய வந்திருந்த நேரம். ட்ரையர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கடதாசிச் சுருளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரியதாஸ் அருகில் வந்தார்.

"டீச்சர், மணம் மாறுதுங்க."

நான் கடதாசியைப் பார்த்தேன். வெப்பம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு பாகை பாரன்ஹைட். இருக்க வேண்டிய அளவுதான்.

"சரியாத்தான் இருக்கு அண்ணே. இங்க பாருங்க, நூத்தித் தொண்ணூத்தெட்டு."

அவர் கடதாசியைப் பார்க்கவில்லை. ட்ரையர் வாயிலிருந்து ஒரு பிடி தூளை அள்ளி என் முன்னால் நீட்டினார். "இத மோந்து பாருங்க. கருகப் போவுது. மணி அடிக்கலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தமாங்க?"

நான் மோந்து பார்க்கவில்லை. கடதாசியைத்தான் மறுபடி பார்த்தேன். அதை இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது பார்வையில்தான் ஒன்று கண்ணில் பட்டது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் வரியிலும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. சுருளை இழுத்தேன். ஒரு கை நீளம், இரண்டு கை நீளம், எல்லா வரியிலும் அதே எண். மூன்று நாளாக அந்த எண் ஒரு நிமிடம்கூட அசையாமல் நின்றதில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். உயிருள்ள அளவு நடுங்கும். இது செத்த எண்.

"அண்ணே, தெறந்துவிடுங்க!" என்று நான் கத்தித் திரும்பியபோது அவர் என் பக்கத்தில் இல்லை. என் உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. அடுப்புக் கம்பியைக் கட்டுக்குள் விட்டுத் திருகி அறுத்துவிட்டு, வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சூடான காற்றுக்குழாயோடு ஒட்டியிருந்த இரும்பு அது. கதவு பாதி திறந்து சிக்கியது. அவர் கையை எடுக்கவில்லை. முழுதாகத் திறக்கும்வரை பிடித்திருந்து, பிறகுதான் விட்டார்.

குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. ட்ரையருக்குள்ளிருந்த தூள் முழுவதும் கருகிவிட்டது. ஆனால் தீப்பிடிக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் பிடித்திருக்கும் என்று அடுப்பு போடுகிறவர் சொன்னார். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கிடையே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

மரியதாஸைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனார்கள். அவர் கையைச் சுற்றிக் கட்டுப் போட்டு முடிக்குமுன்பே, எங்கள் இருவரையும் ஒபிஸுக்கு வரச்சொல்லித் துரையிடமிருந்து ஆள் வந்துவிட்டது.

துரை சிங்களவர். என்னோடு ஆங்கிலத்திலும் தொழிலாளரோடு தோட்டத் தமிழிலும் பேசுவார். மேசையில் என் கடதாசிச் சுருள் விரிந்து கிடந்தது. டீமேக்கர் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தார். கோபத்தை விடப் பயம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது. கருகிப்போன தூளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"கடைசி வரைக்கும் சூடு சரியாத்தான் இருந்திருக்குங்க தொரை. கடதாசி சொல்லுது. மணியும் அடிக்கல. கட்டி வச்சத இவன் அறுத்துக் கைப்பிடியப் போட்டுக் கொளப்பினப் பொறகுதான் எல்லாம் கெட்டிருக்கு."

துரை மரியதாஸைப் பார்த்தார். "கைப்பிடி தொட வேணாம் சொன்னது தெரியும்தானே?"

"தெரியுங்க தொரை."

"பின்னே ஏன்?"

"கருகுற மணம் வந்திச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னார். என் பெயரை இழுக்கவில்லை. முதலில் என்னிடம் வந்து சொன்னதையும், நான் கடதாசியைக் காட்டித் திருப்பியனுப்பியதையும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாளையிலேருந்து இவனுக்கு ட்ரையர்ல பேர் போடல தொரை" என்றார் டீமேக்கர். பேர் போடாவிட்டால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. துரை தலையசைத்துவிட்டு, சுருளை மடித்துக் கோப்பில் வைக்கப் போனார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுருள் ஒரு மடிப்பு மடிபடும் நேரம் நான் பேசாமல் நின்றேன். கடதாசி எங்கள் பக்கம் இருந்தது. பெட்டியில் கோளாறில்லை, ஆளில்தான் கோளாறு என்று கோப்பில் ஏறப் போகிறது. எங்கள் நால்வருடைய வேலையும் பிழைத்துவிடும். மணி ஏன் அடிக்கவில்லை என்பது எனக்கே தெரியாது. தெரியாததைப் பற்றி நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? இத்தனையும் ஒரு மடிப்புக்குள் மனதில் ஓடியது. மரியதாஸ் கட்டுப்போட்ட கையை மறுகையால் தாங்கிப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நின்றார்.

"சேர், அந்தக் கடதாசி பொய் சொல்கிறது" என்றேன் ஆங்கிலத்தில்.

துரையின் கை நின்றது.

"ஒரே எண் இத்தனை வரி அசையாமல் வர முடியாது. அளப்பதே நின்றுபோயிருக்கிறது. என் கருவி பழைய எண்ணையே திரும்பத் திரும்ப வாசித்து அடித்திருக்கிறது. அவர் என்னிடம் முதலில் வந்து சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மணி ஏன் அடிக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியாது. நாளைக் காலை வரை நேரம் கொடுங்கள். அதுவரை இவர் மேல் எதுவும் எழுத வேண்டாம்."

துரை சுருளின் மடிப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். "நாளைக் காலை, பெரட்டு முடிந்ததும் வருகிறேன்" என்றார். விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு.

அன்று பிற்பகல் முழுவதும் மின்சுற்று வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்தேன். மூன்று நாளைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. பிரதான நிரல் சிக்கி நின்றிருக்கிறது, அது தெளிவு. நின்றால் காவல்நாய்க்குத் தொடுகை போகாது. போகாவிட்டால் மணி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அப்படியானால் யாரோ தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் பிரதான நிரலைத் தவிர ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். என்னுடைய கருவி.

ஒபிஸ் தொலைபேசியில் கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டேன். பெட்டியின் மின்சுற்றை வரைந்தவர் மறுமுனைக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தன் வரைபடத்தில் எவரும் குறை சொன்னால் தாங்கமாட்டார். கருகியதைச் சொல்லத் தொடங்கியதுமே இடைமறித்துச் சிங்களத்தில் கேட்டார்: "மனிதர்களுக்கு ஏதாவது?"

ஒருவருக்குக் கை வெந்துவிட்டது என்றேன். எவ்வளவு, எந்தக் கை, மருந்து போட்டாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெட்டியைப் பற்றிப் பேசவிட்டார். பிற்காலத்தில் எந்த விபத்துச் செய்தி வந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

"காவல்நாய் முகவரியில் எதையாவது எழுதினால்தான் அது தொடுகையாகுமா? வெறுமனே வாசித்தால்?" என்றேன்.

மறுமுனையில் கடதாசி புரளும் ஓசை கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "இரண்டும் ஒன்றுதான். முகவரி வந்தாலே போதும், தொட்டதாக எடுத்துக்கொள்ளும். எழுதுவதா வாசிப்பதா என்று பிரித்துப் பார்க்க இன்னொரு சிப் வேண்டும். அதை மிச்சம் பிடித்தேன். வரைபடத்தில் குறிக்கவும் இல்லை. நாளைக்கு நீ சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்."

மறுநாள் காலை, கொழுந்து போடுமுன், அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுச் சோதனையைக் காட்டினேன். துரை, டீமேக்கர், மரியதாஸ் மூவரும் நின்றார்கள். முதலில் என் கருவியைக் கழற்றிவிட்டு, பிரதான நிரலை வேண்டுமென்றே நிறுத்தினேன். இரண்டே விநாடி. மணி அலறியது, குளிர்காற்றுக் கதவு தடாலென்று திறந்தது. பிறகு எல்லாவற்றையும் பழையபடி ஓடவிட்டு, என் கருவியை மாட்டி, மறுபடி நிரலை நிறுத்தினேன்.

இரண்டு விநாடி போனது. பத்துப் போனது. ஒரு நிமிடம் போனது. மணி அடிக்கவில்லை. கதவு அசையவில்லை. அச்சுப்பொறி மட்டும் ஒரே எண்ணை அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் எல்லா முகவரியையும் வாசித்தேன் சேர். அதில் காவல்நாயின் முகவரியும் ஒன்று. அரை விநாடிக்கு ஒருமுறை நான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தேன். நிரல் செத்துப்போன பிறகும், உயிரோடு இருக்கிறது என்று காவல்நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் கருவிதான்." மின்சுற்றில் விட்ட பிழையையும் சொன்னேன். பிறகு தமிழில், டீமேக்கருக்கும் விளங்கட்டும் என்று: "மரியதாஸ் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லைங்க. கைப்பிடியக் கட்டச் சொன்னதும் நான்தான். அவர் அறுக்காட்டி இந்த ஸ்டோர் இருந்திருக்காது."

டீமேக்கர் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை கேட்டது ஒன்றுதான்: "இதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது சேர்."

"அப்படியானால் பெட்டி இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும்" என்றார். மரியதாஸிடம் திரும்பி, "கை சொகமாகும் வரைக்கும் வீட்டுல இரு. பேர் விழும்" என்றார்.

ஆனால் மரியதாஸ் வீட்டில் இருக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு தினமும் வந்து ட்ரையர் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு என் கருவி மேல் ஆர்வம் வந்துவிட்டது. நான் அதை அடியிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

இம்முறை எல்லாவற்றையும் வாசி என்று தொடங்கவில்லை. எதையும் வாசிக்காதே என்று தொடங்கினேன். ஒவ்வொரு முகவரிக்கும் வரைபடத்தைப் பார்த்து, வாசித்தால் ஏதாவது மாறுமா என்று கேட்டு, மாறாது என்று உறுதியானதை மட்டும் பட்டியலில் சேர்த்தேன். எத்தனை கண்ணிகள் தெரியுமா! ஒரு சிப்பில் வந்து காத்திருக்கும் தகவலை வாசித்தால் அது அங்கிருந்து போய்விடும். அடுத்து உரியவர் வந்து பார்க்கும்போது அறை காலி. இன்னொன்றில் எச்சரிக்கைக் குறியை வாசித்த உடனேயே அது அழிந்துவிடும். இப்படி ஏழு இடங்களை ஒதுக்கினேன்.

பட்டியலுக்குள் வந்தவற்றில்கூட, வேகமாக மாறுகிறவற்றை என் கருவி நேரே தொடவில்லை. பிரதான நிரலே தன் சுற்றின் முடிவில், தனக்கு வசதியான நேரத்தில், அவற்றை நினைவகத்தில் ஓரிடத்தில் பிரதி எடுத்து வைக்கும். என் கருவி அந்தப் பிரதியை மட்டும் வாசிக்கும். பிரதி புதியதா பழையதா என்று தெரிய வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு வரிசை எண். அந்த எண் ஏறாவிட்டால் கடதாசியில் வெப்பத்துக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் விழும்.

மரியதாஸ் அந்த வரிசை எண்ணைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். "ஏறுதுங்க டீச்சர்" என்று அவ்வப்போது சொல்வார்.

ஆறாம் நாள் மணி அடித்தது. பயந்து எழுந்தேன், அடுத்த கணமே சந்தோஷப்பட்டேன். அடிக்க வேண்டிய மணி அடித்திருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது, கடதாசியில் நட்சத்திரங்கள். அதற்குச் சற்று முன் விழுந்த கடைசி வரியில் புரொசசரின் ரெஜிஸ்டர்கள் இருந்தன. நிரல் எதற்காகவோ காத்திருந்தது. எந்த நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு ரெஜிஸ்டரில் எழுதியிருந்ததோ, அந்த நேரம் எப்போதுமே வராத நேரம்.

காரணம் இதுதான். நேரத்தைச் சொல்லும் எண் இரண்டு பாதியாக இருந்தது. புரொசசரால் ஒரு தடவையில் ஒரு பாதியைத்தான் வாசிக்க முடியும். ஒன்பது ஐம்பத்தொன்பதுக்கு நீங்கள் மணியைப் பார்க்கிறீர்கள்: ஒன்பது. நிமிடத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்புவதற்குள் மணி பத்தாகிவிடுகிறது, நிமிடம் பூஜ்ஜியம். இரண்டையும் சேர்த்து ஒன்பது மணி என்று எழுதிக்கொள்கிறீர்கள். ஒரு மணி நேரம் பிழை. நிரலும் அப்படித்தான், ஏற்கெனவே கடந்துபோன ஒரு நேரத்துக்காகக் காத்து நின்றது. அந்தக் கணத்தில் பார்த்தால் மட்டும்தான் பிழை வரும். அதனால்தான் நாலைந்து நாளைக்கு ஒருமுறை. மேல் பாதியை வாசி, கீழ்ப் பாதியை வாசி, மேல் பாதியை இன்னொரு முறை வாசி; இரண்டு மேல் பாதிகளும் ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து தொடங்கு என்று திருத்தினேன். அதன் பிறகு நான் அங்கிருந்த நாட்களில் மணி தானாக அடிக்கவே இல்லை. தோட்டத்தில் பெட்டியை வைத்துக்கொண்டார்கள். வேறு தோட்டங்களிலிருந்தும் கேட்டார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள், ட்ரையர் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கு அறிவுறுத்தல் தாள் ஒன்று எழுதித் தரும்படி டீமேக்கர் கேட்டார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். "மணி அடித்தாலோ கடதாசியில் நட்சத்திரம் விழுந்தாலோ, உடனே டீமேக்கருக்குத் தெரிவிக்கவும்." மரியதாஸிடம் வாசித்துக் காட்டினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஐயா எங்க இருக்காரோ, யாருக்குத் தெரியும்? தேடிப் போயிச் சொல்லிட்டு வர்றதுக்குள்ள கருகிரும் டீச்சர். 'மொதல்ல கைப்பிடிய இழு, பொறகு போயிச் சொல்லு'ன்னு போடுங்க."

"மணம் மட்டும் மாறினா?" என்றேன்.

"அதையும் போடுங்க. மணியும் நட்சத்திரமும் இல்லாட்டியும், மணம் மாறினா இழு."

அப்படியே எழுதினேன். ஆனால் அந்தத் தாளில் டீமேக்கர் கையெழுத்துப் போட்டால்தான் அது சட்டம். இருவருமாக அவருடைய மேசைக்குப் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இரண்டாவது வரியில் வெகுநேரம் நின்றார். தன்னைக் கேட்காமல் கையை வைக்க எவனுக்கும் அனுமதி கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர். மரியதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீமேக்கர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைத் திருப்பித் தராமல், கையெழுத்துக்கு மேலிருந்த சிறிய இடைவெளியில், தன் கோணல் எழுத்தில் தானாகவே ஒரு வரி சேர்த்தார்: "கையுறை ஆணியில் இருக்கிறது."

"எந்த ஆணிங்க ஐயா?" என்றார் மரியதாஸ்.

"இனிமேத்தான்யா அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே டீமேக்கர் மேசை இழுப்பறையைத் திறந்து சுத்தியலைத் தேடினார்.